தவணை எங்கிருந்து வருகிறது?

(குடியாத்தம் பகுதி மகளிர் குழுக்களின் கூட்டத்தில், ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்பார்ந்த தாய்மார்களே, சகோதரிகளே, பின்னால் நின்றுகொண்டிருக்கும் கல்லூரிப் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

பஸ்ஸை விட்டு இறங்கி இந்த மண்டபத்துக்கு நடந்து வரும் வழியில், மூன்று பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். "கூட்டத்துக்கு வரவில்லையா அம்மா?" என்று கேட்டேன். கையை நிறுத்தாமலேயே ஒருவர் சொன்னார்: "இன்னும் ஆயிரம் முடியவில்லை ஐயா. நாளைக்குத் தவணை." மேடையில் பேசுவதற்காக ஒரு வாரமாகக் குறிப்பு எழுதி வைத்திருந்தேன். அந்தத் தாளை மடித்துப் பையில் போட்டுவிட்டேன். அந்த அம்மா சொன்ன இரண்டு வார்த்தைகளைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

நான் வங்கியில் சேர்ந்தபோது இது வட ஆர்க்காடு மாவட்டம். திருவண்ணாமலையும் இதற்குள்தான் இருந்தது. 1989இல் பிரித்தார்கள். 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. எல்லைக்கோடு எத்தனை முறை மாறினாலும் கடன் வாங்கும் முறை மாறவில்லை. கைமாற்று, அடகுக்கடை, ஏலச்சீட்டு, தீபாவளிச் சீட்டு, கல்யாண மொய், தண்டல், மாதம் நூற்றுக்குப் பத்து வாங்கும் பத்து வட்டி எல்லாம் அன்றும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. ஏழைகளுக்குக் கடன் கிடைப்பதில்லை என்று நகரத்தில் பேசுவார்கள். அது சரியில்லை. கடன் வீட்டு வாசலுக்கே வந்து நிற்கிறது. அதன் விலைதான் தாங்க முடியாதது.

தண்டலையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாயிரம் என்று பேர். கையில் வருவது 8,500. நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். "1,500 ரூபாய்தானே போகிறது" என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறீர்கள் அல்லவா? ஐம்பதாவது நாளில் பாதிப் பணம் உங்களிடம் இல்லை. அதையும் சேர்த்துக் கணக்கிட்டால் வட்டி ஆண்டுக்குச் சுமார் 120 சதவீதம். பத்து வட்டியும் தண்டலும் ஒரே பாரம்தான். தண்டலில் நூறு நூறாகக் கட்டுவதால் கனம் தெரிவதில்லை, அவ்வளவுதான். 2003இல் தமிழ்நாடு அரசு அதீத வட்டித் தடைச் சட்டம் கொண்டுவந்தபோது, கந்து வட்டி, மீட்டர் வட்டி ஆகியவற்றுடன் தண்டலையும் பெயர் சொல்லியே சேர்த்தது.

இதற்கு மாற்று தேடும் முயற்சி புதிதன்று. சென்னை மாகாண அரசு கேட்டு, பிரெடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரி 1895இலும் 1897இலும் அறிக்கை கொடுத்தார். ஜெர்மனியில் ரைபைசன் என்பவர் கிராமத்து விவசாயிகளைச் சேர்த்துக் கடன் சங்கம் நடத்தியதைப் போல இங்கும் நடத்தலாம் என்றார். 1904இல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் திருவள்ளூர் பக்கம் திரூரில் முதல் விவசாயக் கடன் சங்கம் தொடங்கியது. ஆனால் அந்தச் சங்கங்களில் கடன் பெற நிலம் வேண்டும், அல்லது நகை வேண்டும். இரண்டும் இல்லாதவர்கள் வெளியே நின்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

வெளியே நின்றவர்களை உள்ளே அழைத்தது வங்காளதேசம். 1976இல் ஜோப்ரா என்ற கிராமத்தில், முகம்மது யூனுஸ் என்ற பொருளாதாரப் பேராசிரியர் 42 பேருக்குத் தம் கையிலிருந்து கொடுத்த மொத்தத் தொகை 27 டாலர். அத்தனை பேரின் கழுத்தையும் கடன் கொடுத்த வியாபாரி பிடித்திருந்தது அவ்வளவு சிறிய தொகைக்காக! அது 1983இல் கிராமீன் வங்கியானது. 2006இல் அவருக்கும் வங்கிக்கும் சேர்த்து அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. நம்மிடம், கிராமீன் வங்கியாக மாறுவதற்கு முன்பே, 1978இல், ஜெயா அருணாசலம் சென்னையில் உழைக்கும் மகளிர் சங்கத்தைத் தொடங்கியிருந்தார். 1989இல் தருமபுரியில் மகளிர் குழுக்கள் தொடங்கின. 1992இல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துச் சோதித்துப் பார்த்தது. இன்று நாடு முழுவதும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட குழுக்கள் இருக்கின்றன. இங்கே உட்கார்ந்திருக்கும் ஊக்குநர்களும் பிரதிநிதிகளும் அந்த 500இன் வாரிசுகள்.

இப்போது என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் ஒரு கிராமக் கிளையில் மேலாளராக இருந்தேன். மாடு வாங்க ஒரு குழுவுக்குக் கடன் கொடுத்தேன். அதில் ஒரு பெண் மாதம் தவறாமல், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் கட்டிவந்தார். மேலிடத்துக்கு எழுதும் ஒவ்வொரு அறிக்கையிலும் அவரைத்தான் உதாரணம் காட்டினேன். ஒன்றரை ஆண்டில் கடன் முடிந்தது. வாழ்த்திவிட்டு வரலாம் என்று வீட்டுக்குப் போனேன். கொட்டில் காலியாக இருந்தது. மாடு நான்காவது மாதமே பால் வற்றிவிட்டதாம். வந்த விலைக்கு விற்றுவிட்டார்களாம். "அப்படியானால் எப்படியம்மா கட்டினீர்கள்?" என்று கேட்டேன். முதலில் தோட்டை அடகு வைத்தாராம். அப்புறம் பத்து வட்டி. "என்னால் குழுவின் பெயர் கெடக் கூடாது இல்லையா ஐயா" என்றார். என் பேரேட்டில் அந்தக் கடன் பொன்னான கடன். அவர் வீட்டில் அது கொட்டிலையும் காதையும் காலியாக்கிவிட்டுப் போயிருந்தது.

அன்றிலிருந்து, வசூல் 98 சதவீதம், 99 சதவீதம் என்று யார் சொன்னாலும் எனக்கு ஒரே கேள்விதான். அந்தத் தவணை எங்கிருந்து வந்தது? கடன் போட்ட தொழிலிலிருந்து வந்ததா, இன்னொரு கடனிலிருந்து வந்ததா, பிள்ளையின் சோற்றிலிருந்து வந்ததா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் கட்டம் எந்த வங்கிப் படிவத்திலும் இல்லை.

மாட்டுக் கதையில் தப்பு எங்கே என்று பிற்பாடு யோசித்துப் பார்த்தேன். மாட்டுக்கு ஒரு நாட்காட்டி உண்டு. நல்ல மாடாக இருந்தாலும் கன்று போடுவதற்கு முன் இரண்டு மாதம் கறவை நிற்கும். வெள்ளாட்டுக்குச் சினைக்காலம் 5 மாதம். அதன் பிறகு குட்டி வளர்ந்து சந்தைக்குப் போக வேண்டும். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டால் மூன்றரை மாதம் காத்திருக்க வேண்டும், அதுவும் மழை ஏமாற்றாவிட்டால். ஆனால் இன்று வரும் கடன்களில் முதல் தவணை அடுத்த வாரமே, அல்லது அடுத்த மாதமே தொடங்கிவிடுகிறது. வாரா வாரம் கட்டு என்றால் அது யாருக்குப் பொருந்தும்? இட்லிக் கடை வைத்திருப்பவருக்கும், இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயைக் கூடையில் வைத்து விற்பவருக்கும், பூ கட்டுபவருக்கும் பொருந்தும். தினமும் கையில் காசு புழங்கும். ஆடு மாடு வளர்ப்பவருக்கும் பயிர் செய்பவருக்கும் பொருந்தாது. கொல்கத்தாவில் ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். சிலருக்கு இரண்டு வாரத்திலும், சிலருக்கு இரண்டு மாதம் கழித்தும் தவணையைத் தொடங்கினார்கள். இரண்டு மாதம் மூச்சுவிட நேரம் கிடைத்தவர்கள் தொழிலில் கூடுதலாக முதல் போட்டார்கள், பிற்பாடு லாபமும் கூடுதலாகப் பார்த்தார்கள். அவர்களில் கட்டத் தவறியவர்களும் சற்று அதிகம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நிறுவனங்கள் ஏன் தயங்குகின்றன என்பது அதில் புரிகிறது.

இன்னொரு ஆய்வு, ஹைதராபாத் ஆந்திராவோடு சேர்ந்திருந்த காலத்தில், நம் பக்கத்து மாநிலத்தில் நடந்தது. ஹைதராபாத்தில் 104 குடியிருப்புகளை எடுத்து, குலுக்கல் முறையில் பாதி இடங்களில் மட்டும் நுண்கடன் கிளைகளைத் திறக்கச் செய்தார்கள். அதை நடத்தியவர்களில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் 2019இல் பொருளாதார நோபல் பெற்றார்கள். முடிவு என்ன? தொழிலில் முதலீடு கொஞ்சம் கூடியது. வீட்டுக்குத் தேவையான பெரிய சாமான்கள் வாங்கினார்கள். ஆனால் குடும்பத்தின் மொத்தச் செலவுத் திறன் உயரவில்லை. வீட்டில் பெண்ணின் சொல்லுக்கு மதிப்பு கூடியதாகவும் தெரியவில்லை. இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இருபது ஆண்டுகளாக மேடை மேடையாக நான் சொல்லிவந்தது வேறு.

ஆனாலும் கடனை ஒழித்துவிடலாம் என்று சொல்ல நான் வரவில்லை. கடன் இல்லாத இடத்தில் தண்டல்காரர்தான் ராஜா. 2010இல் ஆந்திராவில் நடந்ததை நாம் எல்லைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். சித்தூர் ஜில்லா நமக்குக் கூப்பிடு தூரம். ஒரே வீட்டுக்கு நான்கு நிறுவனங்கள் போட்டி போட்டுக் கடன் கொடுத்தன. வசூல் நெருக்கடியில் தற்கொலைகள் நடந்ததாகச் செய்திகள் வந்தன. அந்த அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் போட்டது. வசூல் அப்படியே நின்றது, புதுக் கடனும் நின்றது. அதற்குப் பின் அங்கே மக்கள் யாரிடம் போயிருப்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால்தான் குழுவின் சொந்தச் சேமிப்பை நான் பெரிதாக மதிக்கிறேன். வாரம் இருபதோ ஐம்பதோ போட்டு, தீர்மானப் புத்தகத்தில் எழுதி, உங்களுக்குள்ளேயே கடன் கொடுத்துக்கொள்கிறீர்களே, அதில் மாதம் இரண்டு வட்டி வாங்கினாலும் அந்த வட்டி குழுவின் பெட்டிக்கே திரும்புகிறது. ஆண்டுக் கடைசியில் அது உங்கள் பணம். மாடு செத்துப்போனால் "மூன்று மாதம் பொறு" என்று சொல்லும் அதிகாரமும் உங்களுக்கே இருக்கிறது. வெளியிலிருந்து வரும் ஐந்து பேர் கூட்டுப் பொறுப்புக் கடனில் அந்த அதிகாரம் இல்லை. ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நால்வர் கட்ட வேண்டும். முப்பது ஆண்டுச் சிநேகிதிகள் முகம் பார்க்காமல் தெருவைக் கடந்து போவதை நான் பார்த்திருக்கிறேன். அந்த நஷ்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

வெளிக்கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் சட்டம் உங்களுக்குத் தந்திருப்பதைத் தெரிந்து வைத்திருங்கள். 2022இல் ரிசர்வ் வங்கி விதிகளைத் திருத்தியது. ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானம் இல்லாமல் தருவதுதான் நுண்கடன். வீட்டில் உள்ள எல்லாக் கடன்களின் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கூப்பிட்டுத் தொல்லை செய்யக் கூடாது. கடன் அட்டை உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். மீறினால் முதலில் அந்த நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள். ரிசர்வ் வங்கியின் 14448 என்ற எண்ணிலும் கேட்கலாம். அதே 2022இல் வட்டிக்கு இருந்த உச்சவரம்பையும் எடுத்துவிட்டார்கள். அதனால் ஆண்டு வட்டி எவ்வளவு என்று கேட்டு வாங்குவது உங்கள் பொறுப்பாகிவிட்டது. "12 சதவீதம்தான் அம்மா" என்பார்கள். 50,000 வாங்கி, முழுத் தொகைக்கும் 6,000 வட்டி போட்டு, 12 மாதத்தில் கட்டச் சொன்னால் உண்மையான வட்டி 21 சதவீதத்துக்கு மேல். தண்டலில் பார்த்த அதே கணக்குதான் இது.

பாதி வருமானம் என்ற விதி நல்ல விதி. ஆனால் பத்து வட்டிக்காரரின் நோட்டு எந்தக் கம்ப்யூட்டரிலும் ஏறுவதில்லை. விவரம் கேட்க வரும் கடன் நிறுவனப் பிள்ளையிடம் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சொன்னால் கடன் குறையும் என்று மறைப்பீர்கள், எனக்குத் தெரியும். குறையட்டும்.

இன்னும் ஒன்று, கசப்பான விஷயம். கடனால் ஆகாத காரியங்கள் உண்டு. தோல் கழிவால் கிணறு உப்பாகிப்போன பாலாற்றங்கரை ஊர்களில் மாட்டுக் கடன் கொடுத்து என்ன பயன்? அந்த மாசுக்கு எதிரான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இலேயே தீர்ப்பு சொல்லியிருக்கிறது. தண்ணீரைத் தவணையில் வாங்க முடியாது. அதேபோல, ஒன்றுமே இல்லாத குடும்பத்துக்கு முதலில் கடனைக் கொடுப்பது பாவம். வங்காளதேசத்தில் பிராக் என்ற அமைப்பு 2002இல் வேறு வழியைத் தொடங்கியது. மிகவும் ஏழையான குடும்பத்துக்கு மாட்டையோ ஆட்டையோ இலவசமாகவே கொடுத்து, கொஞ்ச காலம் சாப்பாட்டுக்கும் பணம் கொடுத்து, வாரா வாரம் வீட்டுக்கு வந்து கற்றுக்கொடுத்து, சுமார் இரண்டு ஆண்டுகள் கைப்பிடித்து நடத்தினார்கள். இதே முறையை இந்தியா உட்பட ஆறு நாடுகளில் சோதித்தபோது வருமானமும் சாப்பாடும் உயர்ந்தன. உதவி நின்று ஓர் ஆண்டு கழித்தும் பலன் பெரும்பாலும் நிலைத்திருந்தது. ஜவ்வாது மலையிலும், ஏரிக்கரை இருளர் குடிசைகளிலும் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும் என்று அதிகாரிகளிடம் நான் மன்றாடிக் கேட்கிறேன்.

நீளமாகப் பேசிவிட்டேன். கடன் அட்டையைக் கையோடு கொண்டுவரச் சொல்லியிருந்தேன். பலர் கொண்டுவந்திருப்பது தெரிகிறது. கூட்டம் முடிந்ததும் வெளியே வேப்பமரத்தடியில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பேன். ஒரு பக்கம் நீங்கள் கட்ட வேண்டிய தேதிகளை எழுதுவோம், மறுபக்கம் உங்கள் கைக்குக் காசு வரும் தேதிகளை எழுதுவோம். கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர் கூட்டல் கழித்தலுக்கு உதவ வாருங்கள். அந்தத் திண்ணையில் இருக்கும் மூன்று பேரிடமும் யாராவது போய்ச் சொல்லுங்கள். அவர்கள் ஆயிரம் சுற்றி முடித்துவிட்டு வரட்டும். எனக்குக் கடைசி பஸ் ஒன்பது மணிக்குத்தான்.