லக்னோவில் மாதம் பார்த்துக் கடைக்குப் போங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

லக்னோ என்றதும் படா இமாம்பாடாவைத்தான் எல்லோரும் சொல்வார்கள். 1775-ல் அவத் ராஜ்யத்தின் தலைநகரை ஃபைசாபாத்திலிருந்து லக்னோவுக்கு மாற்றிய நவாப் ஆசஃபுத்தௌலா, 1784 பஞ்சத்தில் ஜனங்களுக்கு வேலை கொடுக்கக் கட்ட ஆரம்பித்த, மொஹரம் துக்கத்துக்கு ஷியா முஸ்லிம்கள் கூடுகிற மண்டபம். அவசியம் பாருங்கள். ஆனால் சில வருஷம் அங்கே உத்தியோகம் பார்த்த எனக்கு அந்த ஊர் என்றால் கடைத்தெருதான். எந்த மாதம் போகிறீர்களோ, அந்த மாதத்துச் சரக்கை வாங்குங்கள். இதை நடுநடுவே திரும்பவும் சொல்வேன்.

குளிர்காலத்தையே எடுத்துக்கொள்வோம். ஜனவரியில் மூடுபனி இறங்கிவிட்டால் எதிரே வருகிற ஆள் தெரியாது. அந்த நேரத்தில் சௌக் பகுதியில், கோல் தர்வாசா வாசலுக்குப் போக வேண்டும். மக்கன் மலாய் விற்பார்கள். பாலைக் காய்ச்சி, ராத்திரி முழுக்கத் திறந்த வெளியில் பனியில் வைத்து, விடியும் முன்பே கடைவார்கள். பொங்கி வருகிற நுரையை வழித்தெடுத்துக் குங்குமப்பூவும் சர்க்கரையும் சேர்த்தால் தீர்ந்தது. வாயில் போட்டால் மென்று விழுங்க ஒன்றும் இருக்காது, குங்குமப்பூ வாசமும் இனிப்பும் மட்டும் நிற்கும். வீட்டுக்கு ஒரு பொட்டலம் கட்டித் தரச் சொன்னேன். விற்ற பெரியவர், "பேட்டா, இங்கேயே நின்று சாப்பிடு. வெயில் பட்டால் அமுங்கிப்போகும், வீட்டுக்குப் போய்ப் பிரித்தால் வெறும் பால்தான் இருக்கும்" என்றார். காசு வருகிறதே என்று கட்டிக் கொடுத்திருக்கலாம். அவர் கொடுக்கவில்லை. அந்த ஊர் வியாபாரிகள் மேல் எனக்கு மரியாதை வந்தது அன்றைக்குத்தான். ஏப்ரலில் போய் மக்கன் மலாய் கேட்காதீர்கள், பனி இல்லாமல் அது இல்லை.

அப்புறம் வெயில் காலம். மே, ஜூனில் நாற்பது டிகிரிக்கு மேல் போகும், லூ என்கிற அனல்காற்று முகத்தில் அறையும். சிக்கன் என்கிற பூத்தையல் போட்ட துணியின் அருமை அப்போதுதான் தெரியும். கழுவினால் போகிற நீலச் சாயத்தில் அச்சுக்கட்டையால் பூவும் கொடியும் பதித்து, அதன் மேல் வெள்ளை நூலால் கையால் தைக்கிறார்கள். தைப்பவர்கள் பெரும்பாலும் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள். வாங்கும்போது துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். கைவேலையில் நூல் ஓட்டம் ஒரே மாதிரி இருக்காது. முடிச்சு, வெட்டிய நூல்முனை எல்லாம் தெரியும். அளந்து வைத்தாற்போல் எல்லாப் பூவும் ஒன்றாகவே இருந்தால் அது மிஷின். விலை குறைவாக இருக்கலாம், ஆனால் ஒரு பெண் பல நாள் உட்கார்ந்து தைத்ததற்குக் கொடுக்கிற விலையை அதற்குக் கொடுக்காதீர்கள்.

அத்தர் கடையிலும் மாதக் கணக்குதான். கோடைக்கு வெட்டிவேர், ரோஜா. குளிருக்கு உடம்பைச் சூடாக்கும் என்று மூலிகையும் மசாலாவும் சேர்த்து வடித்த ஷமாமா, ஹினா. புறங்கையில் ஒரு சொட்டுத் தடவிக் காட்டுவார்கள். அவசரப்படாதீர்கள், ஒரு சுற்று நடந்துவிட்டு மறுபடி முகர்ந்து பாருங்கள். முதலில் அடித்த வாசம் வேறு, நின்ற வாசம் வேறாக இருக்கும்.

மழைக்கால அமீனாபாத், சாயங்கால ஹஸ்ரத்கஞ்ச் என்று மற்றக் கடைத்தெருக்களைப் பற்றியெல்லாம் பேச நினைத்தேன். நேரம் முடியப்போகிறது என்று கை காட்டுகிறார்கள். சரி, மாம்பழத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். பக்கத்திலுள்ள மலிஹாபாதிலிருந்து தசேரி ஜூன் மாதம் வண்டி வண்டியாக வரும். வாங்கியதும் வாளித் தண்ணீரில் போட்டு வையுங்கள், ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிடுங்கள். நன்றி, வணக்கம்.