ஊசிக்கு முன்னால் ஒரு தாள்

(மகளிர் சட்ட விழிப்புணர்வுக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளர் அம்மா அவர்களே, அரசு மருத்துவமனை மகப்பேறு பிரிவின் தலைமை மருத்துவர் அவர்களே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசி அமர்ந்திருக்கும் பேராசிரியர் அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபம் தந்து உதவிய வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, கிராம சுகாதார செவிலியர்களே, கைக்குழந்தைகளோடு வந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

தலைமை மருத்துவருக்கு நான் தனியாக நன்றி சொல்ல வேண்டும். கருத்தடை மருந்து வழக்குகள் என்று தலைப்பு வைத்தால் மருத்துவர்கள் மேடைக்கு வரத் தயங்குவார்கள். அவர் பிரசவ அறையிலிருந்து நேரே வந்திருக்கிறார். செயலாளர் அம்மாவும் நீதிமன்ற வேலை முடிந்த கையோடு வந்து, கடைசிவரை இருப்பேன் என்று உறுதி தந்திருக்கிறார். இந்தப் பெருந்தன்மைக்கு எங்கள் அமைப்பு கடமைப்பட்டிருக்கிறது.

"மெய் சொல்லிக் கெட்டவனும் இல்லை, பொய் சொல்லி வாழ்ந்தவனும் இல்லை" என்பார்கள். போகிற மேடையெல்லாம் இதைச் சொல்லுவேன். இன்றைய பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான பழமொழி எனக்குத் தெரியாது.

மூன்று செய்திகளைப் பேச வந்திருக்கிறேன். ஒன்று, கருத்தடை மாத்திரை வழக்குகள். இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி. மூன்று, பாதிக்கப்பட்டவர் எத்தனை ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும் என்ற காலக்கெடு. அதற்கெல்லாம் முன்னால் ஒரு வேண்டுகோள். நான் பேசுவதைக் கேட்டுவிட்டு யாரும் நாளைக் காலையில் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மாத்திரை சாப்பிடும் பத்தாயிரம் பெண்களில் ஆண்டுக்கு 3 முதல் 9 பேருக்கு ரத்தக்குழாயில் ரத்தம் உறைகிறது. கர்ப்ப காலத்தில் அந்த ஆபத்து 5 முதல் 20. பிரசவம் முடிந்த சில வாரங்களில் 40 முதல் 65. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொல்லும் கணக்கு இது. மருந்து கெட்டது என்று சொல்ல நான் வரவில்லை. ஆபத்தைச் சொல்லாமல் கொடுப்பது கெட்டது என்று சொல்ல வந்திருக்கிறேன்.

அமெரிக்காவில் 1960-இல் மாத்திரை அனுமதி பெற்றது. பத்து ஆண்டு கழித்து, 1970 ஜனவரியில், அதன் ஆபத்துகளைப் பற்றி செனட்டர் கேலார்ட் நெல்சன் தலைமையில் விசாரணை நடந்தது. சாட்சி சொல்ல அழைக்கப்பட்டவர்களில் மாத்திரை சாப்பிட்ட பெண் ஒருவர்கூட இல்லை. பார்வையாளர் வரிசையிலிருந்து பெண்கள் எழுந்து நின்று கேள்வி கேட்டார்கள். அந்தக் குரலுக்குப் பிறகுதான் மாத்திரையோடு பெண்கள் கையிலும் ஒரு எச்சரிக்கைக் குறிப்பு போக வேண்டும் என்ற விதி வந்தது.

குறிப்பு வந்தது. அதில் என்ன எழுதியிருந்தார்கள்? அதற்குத்தான் ஒரு வழக்கைச் சொல்கிறேன். தாய்மார்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு பெண். 1973-இல் மகப்பேறு மருத்துவர் அவருக்குக் கருத்தடை மாத்திரை எழுதிக் கொடுக்கிறார். ஆர்த்தோ நிறுவனத்தின் தயாரிப்பு. டப்பாவின் மேலேயே எச்சரிக்கை இருக்கிறது: மிகக் கடுமையான பக்க விளைவு ரத்தம் உறைதல், அது உயிரையும் பறிக்கலாம் என்று. கூடவே ஒரு கையேடு. அதில் இரண்டாயிரம் பெண்களில் ஒருவர் ஆண்டுதோறும் மருத்துவமனையில் சேரும் அளவுக்கு இந்தக் கோளாறு வரும், ரத்தக் கட்டி மூளை போன்ற உறுப்புகளிலும் உண்டாகலாம் என்றெல்லாம் இருக்கிறது. எல்லாம் அச்சில் இருக்கிறது. அந்தப் பெண்ணும் மூன்று ஆண்டு மாத்திரை சாப்பிடுகிறார். 1976 ஜூலை மாதம். அவருக்கு வயது 26. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. மூளைத் திசுவில் ஐந்தில் ஒரு பங்கு செத்துப்போகிறது. பக்கவாதம். ஆயுள் முழுக்க ஊனம்.

வழக்குப் போட்டார். நிறுவனம் என்ன சொன்னது? "நாங்கள்தான் எச்சரித்தோமே, உயிரே போகலாம் என்றுகூட எழுதினோமே" என்றது. அந்தப் பெண் கூண்டில் ஏறிச் சொன்னது ஒன்றுதான். ரத்தம் உறைதல் என்பதற்குள் பக்கவாதமும் அடங்கும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இந்த மாத்திரையைத் தொட்டிருக்கவே மாட்டேன். கையேட்டில் அத்தனை எண்கள் இருந்தும், பக்கவாதம் என்ற அந்த ஒரு சொல் இல்லை. படித்தவர், படிக்காதவர் எல்லோருக்கும் பக்கவாதம் என்றால் தெரியும். அந்தச் சொல்லைக் கேட்டால் வயிற்றில் பயம் பிறக்கும். பயம் பிறக்கிற சொல்லைத்தான் விட்டிருந்தார்கள்.

தீர்ப்புச் சொல்ல அமர்த்தப்பட்ட பொதுமக்கள் குழுவான ஜூரி பெண்ணின் பக்கம் நின்றது. விசாரணை நீதிபதியோ ஜூரியின் முடிவைத் தள்ளிவிட்டார். மருத்துவரிடம் சொல்லிவிட்டால் போதும், பெண்ணிடம் சொல்லும் கடமை கம்பெனிக்குக் கிடையாது என்றார். அந்தப் பெண் விடவில்லை. மேலே போனார். 1985-இல் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் விசாரணை நீதிபதியின் முடிவை ரத்து செய்து, ஜூரி சொன்னதே சரி என்றது. ஏன்? மாத்திரை சாப்பிடுகிறவள் நோயாளி அல்ல, நல்ல உடம்போடு இருப்பவள். வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுப்பவளும் அவள்தான். மருத்துவரை ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தாலே அதிகம். ஆகவே தயாரிப்பாளர் நேராக அவளிடம் சொல்ல வேண்டும், அவளுக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். அரசு கேட்ட வாசகத்தை அச்சடித்துவிட்டேன் என்பதோடு கடமை முடிந்துவிடாது. (கைதட்டல்)

மெய் சொல்லிக் கெட்டவன் இல்லை, தாய்மார்களே. அந்த ஒரு சொல்லை அச்சடித்திருந்தால் கம்பெனி கெட்டிருக்காது.

இதற்குப் பிறகும் பாடம் கற்றார்களா? பேயர் நிறுவனத்தின் யாஸ் மாத்திரைக்குச் செய்த விளம்பரம் மக்களைத் தவறாக வழிநடத்துகிறது என்று சொல்லி, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் மாநில அரசுகளும் 2009-இல் 2 கோடி டாலர் செலவில் திருத்த விளம்பரம் செய்ய வைத்தார்கள். ரத்தம் உறைதல் வழக்குகளை முடிக்க அந்த நிறுவனம் 100 கோடி டாலருக்கும் மேல் கொடுத்தது. அதைப் பற்றி விரித்துப் பேச நேரமில்லை. ஊசிக்கு வருகிறேன்.

டெப்போ-புரோவேரா. 150 மில்லிகிராம், மூன்று மாதத்துக்கு ஒன்று. நீண்ட நாள் போட்டால் எலும்பின் அடர்த்தி குறையும் என்று 2004-இல் அமெரிக்காவில் கறுப்புக் கட்டம் கட்டிய எச்சரிக்கை, அதாவது மருந்துச் சீட்டில் போடும் மிகக் கடுமையான எச்சரிக்கை, வந்தது. 2024 மார்ச்சில் பிரான்ஸிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. மூளை உறையில் வரும் மெனிஞ்சியோமா கட்டிக்காக அறுவை சிகிச்சை செய்துகொண்ட 18,061 பெண்களை எடுத்துப் பார்த்தார்கள். இந்த ஊசியை ஓராண்டுக்கு மேல் போட்டவர்களுக்கு அந்த ஆபத்து சுமார் ஐந்தரை மடங்கு. நேர்மையாக இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பிரான்ஸில் இந்த ஊசியைப் போடுகிறவர்கள் குறைவு. அந்த 18,061 பேரில் ஊசி போட்டிருந்தவர்கள் 9 பேர்தான். இந்தக் கட்டி அரிது, பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. ஆனாலும் மண்டையைத் திறந்து எடுக்க வேண்டிய கட்டி. போட்டுக்கொள்கிறவளுக்கு இதைச் சொல்ல வேண்டாமா?

அமெரிக்கப் பெண்கள் இந்த ஊசியைத் தயாரிக்கும் ஃபைசர் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார்கள். அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் வந்த வழக்குகளை 2025 பிப்ரவரியில் ஃபுளோரிடாவின் பென்சகோலா நகர நீதிமன்றத்தில் ஒன்றாகச் சேர்த்தார்கள். எச்சரிக்கை சேர்க்க நாங்கள் கேட்டோம், அரசுதான் மறுத்தது என்பது கம்பெனியின் வாதம். தெரிந்த பிறகு ஏன் இத்தனை தாமதம் என்பது பெண்களின் கேள்வி.

சரி, அது அமெரிக்கா. நம் நாட்டில்?

1985-இல் ஹைதராபாத் அருகே பட்டன்செருவில், ஆரம்ப சுகாதார நிலையத்தில், நெட்-என் என்ற கருத்தடை ஊசியைச் சோதிக்க முகாம் நடந்தது. அது சோதனை என்பது வந்திருந்த பெண்களுக்குத் தெரியாது. ஸ்த்ரீ சக்தி சங்கடனா என்ற பெண்கள் அமைப்பின் தோழிகள் அங்கே போய் விளக்கிச் சொன்னார்கள். கேட்ட பெண்கள் பலர் எழுந்து போய்விட்டார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் 1986-இல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட வழக்கு. விளக்கிச் சொன்னால் நம் பெண்களுக்கு நன்றாகப் புரியும் என்பதற்கு அந்த முகாமே சாட்சி.

2017 முதல் 'அந்தரா' என்ற பெயரில் டெப்போ-புரோவேராவில் இருக்கும் அதே மருந்து அரசு நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. வேண்டும் என்கிற பெண்ணுக்கு அது கிடைக்கத்தான் வேண்டும். பாதிப்பு வந்தால் அவள் எங்கே போவாள்? 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், போதிய எச்சரிக்கை தராத தயாரிப்பாளரைப் பொறுப்பாக்குகிறது. அடுத்த சில பக்கத்திலேயே, 87-ஆம் பிரிவில், நிபுணர் மேற்பார்வையில் மட்டும் பயன்படுத்தும் பொருளானால் அந்த நிபுணரிடம் எச்சரித்தால் போதும் என்று விட்டுவிடுகிறது. கம்பெனி தப்பித்துப் போக முடியாதபடி மாசசூசெட்ஸ் 1985-இல் மூடிய கதவை நாம் 2019-இல் திறந்து வைத்திருக்கிறோம்! எல்லோருக்கும் இலவசமாகத் தரும் மருத்துவமனைச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. ஆக, நியாயம் கேட்கப் போகிறவர்களில், காசு கொடுத்துப் போட்டுக்கொண்டவளுக்குப் பாதி வழி. இலவசமாகப் போட்டுக்கொண்ட ஏழைக்கு அதுவும் இல்லை.

வழக்கு என்பது பாதிப்பு வந்த பிறகு. அதற்கு முன்னால் செய்ய வேண்டியதைத்தான் எங்கள் அமைப்பு கேட்டுக்கொண்டிருக்கிறது: தமிழில் ஒரு தாள். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் சீட்டை எடுத்துப் பாருங்கள். ஆங்கிலம், அதுவும் எறும்பு ஊர்வது மாதிரி எழுத்து. மருத்துவருக்காக எழுதியது. மெய் சொல்லிக் கெட்டவன் இல்லை என்றேன். யாருக்கும் புரியாத மொழியில் சொன்ன மெய்யை மெய் என்று நான் கணக்கில் எடுப்பதில்லை.

செவிலியர் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கோரிக்கை உங்களுக்கு எதிரானது அல்ல. ஒரு நாளில் எத்தனை வேலை பார்க்கிறீர்கள் என்று தெரியும். தாள் கையில் இருந்தால் உங்களுக்கும் அது பாதுகாப்பு.

காலக்கெடுவைப் பற்றிச் செயலாளர் அம்மா தன் உரையில் சொல்லுவார்கள். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டு என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோரிக்கை மனுவை மேடைக்கு இடப்பக்கம் உள்ள மேசையில் வைத்திருக்கிறோம். அதில் நான்கு வரிதான். முதல் ஊசிக்கு முன்னால் தமிழ்த் தாள் தர வேண்டும். பக்கவாதம், எலும்புத் தேய்மானம், மூளைக் கட்டி என்று மக்கள் பேசும் சொல்லிலேயே இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்குச் செவிலியர் வாசித்துக் காட்ட வேண்டும். நிறுத்திய பிறகு உண்டாகும் தொல்லையையும் பதிவு செய்ய ஒரு பதிவேடு வேண்டும். சாப்பாட்டுக்குப் போகும் முன் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். எழுதத் தெரியாத தாய்மார்களுக்கு எங்கள் தோழிகள் முழுக்க வாசித்துக் காட்டுவார்கள். அதைக் கேட்ட பிறகு கைநாட்டு வைத்தால் போதும். நன்றி, வணக்கம்.