மஞ்சள் கம்பியைக் கழற்றிவிடுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். உயர்தெளிவுத் தொலைக்காட்சி வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பெட்டி புதியது, திரை பெரியது. ஆனால் டிவிடி போட்டால் பழைய பெட்டியில் பார்த்ததைவிட மங்கலாகத் தெரிகிறதே, ஏன்?" தொலைக்காட்சியில்தான் கோளாறு என்று முடிவு செய்து, கடைக்குத் திருப்பி எடுத்துச் செல்லப் புறப்பட்டவர்களையும் நான் தடுத்து நிறுத்தியிருக்கிறேன். பெரும்பாலும் குறை தொலைக்காட்சியில் இருப்பதில்லை. டிவிடி பிளேயருக்கும் அதற்கும் நடுவே ஓடுகிற கம்பியிலும், யாரும் திறந்து பார்க்காத இரண்டொரு அமைப்புகளிலும்தான் இருக்கிறது.

என் உறவினர் ஒருவர் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அவருடைய தாயார் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் உயிரோடு இருந்தபோது ஒரு குடும்ப விழாவில் டிஜிட்டல் கேமராவால் எடுத்த காட்சிகள் ஒரு டிவிடியில் இருந்தன. அம்மாவின் முகத்தைப் பெரிய திரையில் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அவர் புதுத் தொலைக்காட்சி வாங்கினார். ஆனால் படத்தைப் போட்டால் முகம் மெழுகு பூசினாற்போல் இருந்தது. பக்கத்தில் நின்றவருடைய மெல்லிய கோடு போட்ட சட்டையில் வானவில் நிறங்கள் நெளிந்து ஓடின. பெட்டியின் பின்புறம் எட்டிப் பார்த்தேன். பழைய தொலைக்காட்சியிலிருந்து கழற்றிய மஞ்சள், வெள்ளை, சிவப்புக் கம்பிகளையே இதிலும் மாட்டியிருந்தார்கள். அவருடைய பிளேயரில், படத்தையும் ஒலியையும் ஒரே கம்பியில் அனுப்பும் எச்டிஎம்ஐ வாய் இருந்தது. அதைத் தொட்டவரே இல்லை.

அந்தச் சட்டையில் வானவில் எப்படி வந்தது? டிவிடி வட்டில் படத்தின் வெளிச்சமும் நிறமும் தனித்தனியாகத்தான் பதிவாகியிருக்கின்றன. அந்த மூன்றில் படத்துக்கான மஞ்சள் கம்பி வழியே அனுப்பும்போது பிளேயர் அந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறது. கலந்து வந்ததைத் தொலைக்காட்சி மறுபடி பிரிக்க வேண்டும். அந்தப் பிரிப்பு ஒருபோதும் முழுமையாக நடப்பதில்லை. நெருக்கமான கோடுகள் வருமிடத்தில் தொலைக்காட்சி ஏமாந்துபோய், வெளிச்சத்தின் நுணுக்கத்தை நிறம் என்று எடுத்துக்கொள்கிறது. தனித்தனியாக இருந்ததைக் கலந்து, கலந்ததைப் பிரித்து, நடுவில் பாதியைத் தொலைக்கிற இந்த வேலை தேவையே இல்லை. பழைய குழாய்த் தொலைக்காட்சியின் சிறிய திரையில் இந்தப் பழுது கண்ணில் படவில்லை. பெரிய தட்டைத் திரையில் எல்லாம் அம்பலமாகிவிடுகிறது.

மஞ்சளுக்கு அடுத்த படி எஸ்-வீடியோ. அதில் வெளிச்சமும் நிறமும் தனித்தனி இழைகளில் போகும். அதற்கும் மேலானது பச்சை, நீலம், சிவப்பு என மூன்று தலைகள் கொண்ட காம்பொனென்ட். இங்கே ஒரு பொதுவான தவறான எண்ணம் இருக்கிறது. பச்சைக் கம்பியில் பச்சை நிறம் போகவில்லை. வெளிச்சம் முழுவதும் அதில்தான் போகிறது. மற்ற இரண்டும் நிறத்துக்கான வேறுபாடுகளைத்தான் சுமக்கின்றன. இதைத் தெரிந்துகொண்டால் ஒரு கோளாறு எளிதில் புரிந்துவிடும். படம் கறுப்பு வெள்ளையாக வருகிறதா? மஞ்சளுக்கு உரிய கம்பியைப் பச்சை வாயில் செருகியிருக்கலாம், அல்லது தொலைக்காட்சியின் பட்டியலில் தவறான உள்ளீட்டைத் தேர்ந்திருக்கலாம். பல தொலைக்காட்சிகளில் இரண்டுக்கும் ஒரே வாய்தான் இருக்கிறது என்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. இன்னொன்று, ஒலிக்கான சிவப்பும் படத்துக்கான சிவப்பும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஐந்து தலைகள் கொண்ட கம்பியை மாட்டும்போது அவசரப்பட வேண்டாம்.

எச்டிஎம்ஐ இருந்தால் இந்தக் கவலை ஒன்றும் இல்லை. வட்டில் எண்களாக இருப்பது எண்களாகவே தொலைக்காட்சிக்குப் போய்ச் சேருகிறது. ஒலியும் அதே கம்பியில் போய்விடும். இந்தக் கம்பிக்காக அதிகம் செலவழிக்க வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்கிறேன். தங்க முலாம் பூசிய கம்பியில் சிவப்பு இன்னும் சிவப்பாகத் தெரியாது. எண்கள் சரியாகப் போய்ச் சேர்ந்தால் படம் முழுமையாக வரும். சேராவிட்டால் புள்ளி புள்ளியாக மினுங்கும் அல்லது படம் அறுந்துபோகும். அறைக்குள் இரண்டு மீட்டர் ஓடுகிற கம்பிக்கு, தலை இறுக்கமாகப் பொருந்தினால் போதும். பத்து, பதினைந்து மீட்டர் இழுப்பவர்கள்தான் தரம் பார்த்து வாங்க வேண்டும்.

இனி பிளேயருக்கு வருகிறேன். பெட்டியின் மேல் 1080 என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். டிவிடியில் இருக்கும் படம் எவ்வளவு பெரியது தெரியுமா? உலகின் ஒரு பகுதியில் 720-க்கு 480 புள்ளிகள், மற்றொரு பகுதியில் 720-க்கு 576. அதாவது மூன்றரை லட்சம் முதல் நான்கு லட்சத்துச் சொச்சம் வரை. முழு உயர்தெளிவுத் திரையில் 1920-க்கு 1080, அதாவது இருபது லட்சத்துக்கும் மேல். வட்டிலிருந்து ஒரு புள்ளி வந்தால், மீதி நான்கு அல்லது ஐந்து புள்ளிகளைக் கணக்குப் போட்டுத்தான் நிரப்ப வேண்டும். 1080 என்று எழுதியிருப்பது இந்தக் கணக்கைத்தான் குறிக்கிறது. வட்டில் இல்லாத நுணுக்கத்தை எந்தப் பிளேயராலும் கொண்டுவர முடியாது.

அந்தக் கணக்கை யார் போடுவது என்பது மட்டும்தான் உங்கள் கையில் இருக்கிறது. பிளேயரும் போடலாம், தொலைக்காட்சியும் போடலாம். பிளேயரின் அமைப்பில் முதலில் 1080 வைத்து, அதாவது பிளேயரையே கணக்குப் போடவிட்டு, ஒரு காட்சியைப் பாருங்கள். பிறகு 480 அல்லது 576-க்கு இறக்கி, கணக்கைத் தொலைக்காட்சியிடம் விட்டு, அதே காட்சியை மறுபடி பாருங்கள். கேமரா மெல்ல நகரும்போது படிக்கட்டு, கம்பி வேலி, கூரை ஓடு இவை வருகிற காட்சியாக இருக்கட்டும். காரணம் இதுதான்: திரைப்படக் கேமரா நொடிக்கு 24 முழுப் படங்களை எடுக்கிறது. பெரும்பாலான டிவிடிகளில் ஒவ்வொரு படமும் ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என இரண்டு பாதிகளாக வெளியே வருகிறது. குழாய்த் தொலைக்காட்சி அந்தப் பாதிகளை ஒன்றன்பின் ஒன்றாக அப்படியே வரைந்துவிடும். தட்டைத் திரைக்கு முழுப் படம் வேண்டும். பொருந்தாத இரண்டு பாதிகளைத் தவறாகச் சேர்த்தால், நகரும் பொருளின் ஓரத்தில் சீப்புப் பல் போலத் தெரியும். படிக்கட்டின் விளிம்பு நடுங்கும். எந்த அமைப்பில் இந்த நடுக்கம் குறைவோ அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

காம்பொனென்ட் மட்டுமே உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடையில் வாங்கும் திரைப்பட வட்டுகளில் நகல் எடுப்பதற்கு எதிரான பூட்டு இருக்கிறது. அதனால் பெரிதாக்கிய படத்தை எச்டிஎம்ஐ வழியாக மட்டும் தருவதும், காம்பொனென்டில் 480 அல்லது 576-உடன் நிறுத்திக்கொள்வதும்தான் பிளேயர்களின் வழக்கம். இது பழுதல்ல. நல்ல தொலைக்காட்சியாக இருந்தால் இழப்பும் பெரிதல்ல.

புதிதாகவே வாங்கப் போகிறவர்களுக்கு என் எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன். உயர்தெளிவுப் படம் பதிந்த புளூ-ரே வட்டுகளை ஓட்டும் புளூ-ரே பிளேயர் வாங்குங்கள். 2006-இல் விற்பனைக்கு வந்த அந்த வகைப் பிளேயர் டிவிடியையும் ஓட்டும். பின்னால் ஒரு புளூ-ரே வட்டு கைக்கு வந்தால் உண்மையான 1080 படத்தைப் பார்க்கலாம். வட்டு உலகின் எந்தப் பகுதிக்கு உரியது என்று காட்டும் மண்டலக் குறியீடு அந்தப் பிளேயருக்குப் பொருந்துகிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். வாங்கப் போகும்போது நீங்கள் பலமுறை பார்த்துப் பழகிய வட்டைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரர் போடும் வட்டில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும்.

படம் வந்து, ஒலி மட்டும் வரவில்லையா? பிளேயரின் ஒலி அமைப்பில் பிட்ஸ்ட்ரீம் (ஒலியைப் பிரிக்காமல் அப்படியே அனுப்புவது) என்று இருந்தால் பிசிஎம் (பிளேயரே பிரித்து அனுப்புவது) என்று மாற்றிப் பாருங்கள். சில வட்டுகளில் இருக்கும் டிடிஎஸ் என்ற ஒலி வகையைப் பிரித்தறியத் தெரியாத தொலைக்காட்சிகள் பேசாமல் நிற்கும்.

கம்பியை மாற்றிய பிறகும் பலர் விட்டுவிடுவது பிளேயரின் திரை வடிவ அமைப்பை, அதாவது அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதத்தை. பழைய பெட்டிக்காக 4:3 என்று வைத்தது அப்படியே இருக்கும். அகலத்திரைப் படத்தை வட்டில் பக்கவாட்டில் நெருக்கிப் பதிந்திருப்பார்கள். 4:3 அமைப்பில் அதைக் காட்டும்போது பிளேயர் மேலும் கீழும் கறுப்புப் பட்டை போட்டு, வரிகளில் நான்கில் ஒரு பங்கைக் கழித்துவிடுகிறது. அகலத்திரைக்கு உரிய 16:9 என்று மாற்றினால் அந்த வரிகள் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். தொலைக்காட்சியில் கூர்மையை நன்றாகக் குறையுங்கள். அது முகங்களைச் சுற்றி வெள்ளைக் கோடு இழுக்கிறதே தவிர நுணுக்கம் எதையும் சேர்ப்பதில்லை.

உறவினர் வீட்டில் அன்று எச்டிஎம்ஐ கம்பியை மாட்டியதும் சட்டையின் வானவில் போய்விட்டது. முகத்தின் சுருக்கங்கள் தெரிந்தன. ஆனால் அம்மா அகலமாக, குள்ளமாகத் தெரிந்தார். அந்த வட்டு பழைய 4:3 வடிவில் எடுத்தது. தொலைக்காட்சி அதைத் திரை முழுக்க இழுத்திருந்தது. தொலைக்காட்சியின் ரிமோட்டில் 4:3-க்கு மாற்றினேன். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தது. திரை வீணாகிறதே என்று பேரன் சொன்னான். என் உறவினர் பதில் சொல்லவில்லை. நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.