புயலுக்கு 100 ஏஎச் (ஆம்பியர் அவர்) பேட்டரி போதுமா? கூடவே ஃபியூஸ் விஷயம்

வேதாரண்யம் பக்கத்துல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. "2018ல கஜா அடிச்சப்போ நாள்கணக்கா கரண்ட் இல்லாம கிடந்தோம். 12 வோல்ட் 100 ஏஎச் லித்தியம் பேட்டரி, 100 வாட் பேனல், 300 வாட் இன்வெர்ட்டர் எல்லாத்தையும் ஒரு பெட்டியில கட்டி வெச்சா நாலு நாள் தாங்குமா? மிக்ஸி ஓடுமா?" எத்தனை நாள்னு சொல்லிக் கேட்டிருக்காங்க பாருங்க, அப்பதான் கணக்கே போட முடியும்.

மிக்ஸி ஓடாதும்மா. 750 வாட்டுக்கு 12 வோல்ட்ல 70 ஆம்பியர் இழுக்கும். நாலு நாளைக்கு அம்மியைக் கழுவி வெச்சுக்கோங்க.

மத்ததுக்கு வருவோம். 9 வாட் டிசி பல்பு (பேட்டரியில நேரா ஓடுறது) மூணு, அஞ்சு மணி நேரம்: 135 வாட் அவர். 15 வாட் டிசி ஃபேன் ராத்திரி பத்து மணி நேரம்: 150. நாலு போன்: 60. ஆக ஒரு நாளைக்கு 345. அவங்க சொல்ற லித்தியம் பேட்டரி எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகைன்னா, அதுல 1280 வாட் அவர் இருக்கும், 1100 எடுக்கலாம். வெயிலே இல்லாம மூணு நாள் வந்துடும். இதே 100 ஏஎச் டியூபுலர் (லெட் ஆசிட்) பேட்டரின்னா பாதிக்கு மேல இறக்கக் கூடாது, ரெண்டு நாள்கூட நிக்காது.

பேனல் 100 வாட்னா நல்ல வெயில்ல நாளைக்கு 400 தரும். ஆனா புயலுக்கு அப்புறம் வானம் மூடியே கிடக்கும், 80 வந்தாலே பெரிசு. அதனால நாலாவது நாள் இழுத்துப் பிடிச்சுதான் ஓடும். இன்னொரு 100 வாட் பேனல் சேருங்க. மொட்டை மாடியில நிரந்தரமா மாட்டாதீங்க, காத்து அடிக்கிறதுக்கு முன்னாடி கழட்டி வீட்டுக்குள்ள வெச்சாத்தான் மறுநாள் பேனல்னு ஒண்ணு இருக்கும். இன்வெர்ட்டரைச் சும்மா ஆன்ல விட்டாலே 10 வாட் குடிக்கும். நாள் முழுக்க 240! பல்பும் ஃபேனும் டிசியில நேரா ஓடட்டும்.

சரி, அந்தம்மா கேட்காத கேள்வி ஒண்ணு. ஃபியூஸ் எங்க? பிஎம்எஸ் (லித்தியம் பேட்டரிக்குள்ளேயே இருக்கிற பாதுகாப்பு சர்க்யூட்) பத்திப் பேசினப்பவே சொன்னேன், திரும்பவும் சொல்றேன்: பேட்டரி பிளஸ்ல இருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள ஃபியூஸ் இருக்கணும். ஃபியூஸ் காப்பாத்துறது வயரை. பெட்டி மூடியோட தகரம் வயரை அறுத்துதுன்னு வைங்க, ஷார்ட்ல ஆயிரம் ஆம்பியருக்கு மேலயும் பாயும். அறுந்த இடம் ஃபியூஸுக்கு முன்னாடின்னா ஃபியூஸ் இருந்தும் பிரயோஜனம் இல்ல. அதான் ஒரு சாண். "பிஎம்எஸ் கட் பண்ணிடுமே"ன்னு சொல்லாதீங்க. அதுக்குள்ள சுவிட்ச் வேலை பார்க்கிற மாஸ்ஃபெட்டே ஷார்ட் ஆகிப் போச்சுன்னா எது கட் பண்ணும்?

300 வாட் இன்வெர்ட்டர் 30 ஆம்பியர் இழுக்கும். 6 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர், ஒரு மீட்டருக்குள்ள, 40 ஆம்பியர் டிசி ஃபியூஸ். வீட்டு ஏசி எம்சிபியை மாட்டாதீங்க, டிசி ஆர்க்கை (தீப்பொறியை) அது ஒழுங்கா அணைக்காது. வயர் நுனியில மாட்டுற லக்கைச் சுத்தியால தட்டாதீங்க, கிரிம்பிங் டூல்ல அழுத்துங்க. மிச்சம் கிடக்குற 2.5 வயரைப் போக வர எட்டு மீட்டர் இழுத்தீங்கன்னா முழு லோடுல 1.8 வோல்ட் வயர்லயே போயிடும். பேட்டரியில 13 காட்டும், இன்வெர்ட்டர் லோ பேட்டரின்னு கத்தும். உடனே பேட்டரி வித்த கடைக்காரரோட சண்டை.

மாட்டும்போது கன்ட்ரோலருக்கு (பேனல்ல இருந்து பேட்டரியைச் சார்ஜ் பண்ற பெட்டி) முதல்ல பேட்டரி, அப்புறம் பேனல். கழட்டும்போது பேனல் முதல்ல. கன்ட்ரோலர்ல எல்எஃப்பி செட்டிங், சார்ஜ் வோல்டேஜ் 14.4 வோல்ட்.

இன்வெர்ட்டர்ல இருந்து ரெண்டு பக்கமும் பிளக் வெச்ச வயரால வீட்டு சாக்கெட்டுக்குக் கரண்ட் கொடுக்கவே கொடுக்காதீங்க. அது லைனுக்குத் திரும்பிப் போகும். புயல் முடிஞ்ச அந்த நேரத்துலதான் ஈபிக்காரங்க போஸ்ட் மேல ஏறி நிப்பாங்க.