குட்டி பிழைத்தால்தான் காசு

நேயர்களுக்கு வணக்கம். ஆடு வளர்க்க வேண்டும் என்று வருகிறவர்கள் முதலில் கேட்பது, என்ன ஆடு வாங்கலாம் என்றுதான். தலைச்சேரியா, கொடி ஆடா, சேலம் கருப்பா? எதை வேண்டுமானாலும் வாங்குங்கள். போட்ட குட்டியில் எத்தனை பிழைக்கிறது, அதைச் சொல்லுங்கள். லாபம் அங்கேதான் இருக்கிறது.

நம் கடலூர்ப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பட்டி சேறாகிவிடும், மேய்ச்சல் தரை தண்ணீரில் கிடக்கும். அப்போது பிறக்கிற குட்டி ஈரத்தில் படுத்து, சளி பிடித்து, கழிச்சல் கண்டு போய்விடுகிறது. மழைமேல் பழி போடுகிறோம். ஆனால் கிடாவை வருஷம் முழுக்க மந்தையோடு விட்டது யார்? வெள்ளாட்டின் சினைக்காலம் சுமார் 150 நாள். வைகாசியில் சேர்ந்தால் ஐப்பசியில் குட்டி. ஆவணியில் சேர்த்தால் தையில் குட்டி. தரை காய்ந்திருக்கும், வேலியோரம் தழை இருக்கும், தாய்க்குப் பால் இருக்கும். அதனால் கிடாவைப் பிரித்துக் கட்டுங்கள். திரும்பவும் சொல்கிறேன், கிடாவைப் பிரித்துக் கட்டுங்கள்.

புவனகிரிப் பக்கம் ஒரு அம்மா இருக்கிறார். காலையில் பட்டியைத் திறக்கும்போதே ஒவ்வொரு ஆட்டையும் நிறுத்தி, கட்டைவிரலால் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பார். உள்பக்கம் நல்ல சிவப்பாக இருந்தால் மேய்ச்சலுக்குப் போகலாம். வெளுத்திருந்தால் குடற்புழு ரத்தத்தை உறிஞ்சுகிறது என்று அர்த்தம். முற்றினால் தாடைக்கு அடியில் நீர் கோத்து வீங்கும். இமை வெளுத்ததை மட்டும் தனியே கட்டி, கால்நடை மருத்துவரைக் கேட்டு, எடைக்குத் தகுந்த மருந்து ஊற்றுவார். எல்லா ஆட்டுக்கும் ஒரே மருந்தையே ஊற்றிக்கொண்டிருந்தால் புழு அதற்குப் பழகிவிடும். படித்தவர்கள்கூட இதில் அசட்டையாக இருக்கிறார்கள் என்பதுதான் என் வருத்தம். காசு செலவில்லாத வேலை இது!

குட்டி விழுந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போகவேண்டும். நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருக்காதீர்கள். இரட்டைக் குட்டி என்றால் நோஞ்சானைக் கையில் பிடித்துக் காம்பில் வையுங்கள். துள்ளுமாரி என்கிற குடல் நச்சு நோய்க்கான தடுப்பூசியை மழைக்கு முன்பே போட்டுவிடுங்கள்.

நேரம் முடியப்போகிறது என்கிறார்கள். விற்பனையைப் பற்றி ஒன்றே ஒன்று. வேப்பூர்ச் சந்தைக்கு ஓட்டுவதற்கு முன் வீட்டிலேயே எடை போட்டுப் பாருங்கள். வியாபாரியின் கண் மதிப்புக்கு விட்டுவிடாதீர்கள். பக்ரீத்துக்கு விற்கிற கிடாவுக்கு ஒரு வயது நிறைந்திருக்க வேண்டும். அந்தப் பண்டிகை வருஷத்துக்குப் பத்து, பதினோரு நாள் முன்னால் வந்துகொண்டே இருக்கும். காலண்டரை வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். வணக்கம்.