ரெண்டு கிலோ வாங்கினால் நாலு கிலோ

வணக்கம் மக்களே. பக்கத்துக் கொல்லையில் போர் மோட்டார் ஓடுகிறது, சத்தத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு வயலைக் காட்டப் போவதில்லை, இந்த நோட்டைத்தான் காட்டப் போகிறேன். பின்னட்டையில் வாய்ப்பாடு போட்ட சாதாரண நாற்பது பக்க நோட்டுதான். என் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது இதுதான் என்றால் என் அம்மாவே சிரிப்பார்.

டிப்ளமோ முடித்துவிட்டு மன்னார்குடிப் பக்கம் ஊரில் சும்மா இருந்த சமயம். நாங்கள் ஏழு பேர் சேர்ந்து பாரம்பரிய நெல் விதையை ஊருக்குள் பரப்பலாம் என்று ஆரம்பித்தோம். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்ற ஒரே தகுதியில் கணக்கு நோட்டு என்னிடம் வந்தது.

யோசனை எங்களுடையது இல்லை, நெல் ஜெயராமன் அண்ணன் காட்டிய வழி. 2003-ல் இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வார் ஐயா பூம்புகாரிலிருந்து கல்லணை வரை நடந்தபோது அவரும் கூட நடந்தார். வழியில் விவசாயிகள் கொடுத்த சில நெல் ரகங்களில்தான் அவருடைய விதைச் சேகரிப்பு தொடங்கியது. 2006-ல் திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா ஆரம்பித்தார். வருகிறவருக்கு ரெண்டு கிலோ விதை, காசு வேண்டாம். அடுத்த வருஷம் நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். 2018 டிசம்பரில் அவர் காலமானபோது மீட்ட ரகங்கள் 174 என்று பேசப்பட்டது. எல்லோரும் அந்த 174-ஐச் சொல்லித்தான் பெருமைப்படுவார்கள். எனக்கு அந்த நாலு கிலோதான் பெரிய விஷயமாகப் படுகிறது. கொடுப்பது சுலபம். திருப்பிக் கேட்டு வாங்குவதற்குத்தான் நெஞ்சு வேண்டும்.

இருபத்திரண்டு வயதில், என்னைத் தூக்கி வளர்த்த பெரியப்பாவிடம் போய், "பெரியப்பா, நாலு கிலோ பாக்கி இருக்கு" என்று கேட்டுப் பாருங்கள், தெரியும். முதல் தடவை காபி குடித்துவிட்டு, கேட்காமலேயே திரும்பி வந்தேன்.

அதைவிடப் பெரிய கூத்து என் வயலில் நடந்தது. தூயமல்லி போட்டிருந்தேன், வெள்ளை அரிசி ரகம். பால் பிடிக்கிற சமயத்தில் பார்த்தால் அங்கங்கே ஒரு கதிர் மட்டும் ஒரு முழம் உயரமாக நிற்கிறது. முற்றியபின் நாலு மணியை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து உமியை ஊதினேன். சிவப்பரிசி! மாப்பிள்ளைச் சம்பா என்கிற வேறு ரகம். அதற்கு முந்தைய அறுப்பில், வேறு வயலில் அறுத்துவிட்டு நேராக வந்த மெஷினை அப்படியே இறக்கியிருந்தேன். அதன் வயிற்றில் தங்கிய நெல் என் விதையோடு கலந்துவிட்டது. அந்த விதையை ஊரில் ஐந்து பேருக்குக் கொடுத்தும் விட்டேன்.

வீடு வீடாகப் போய், "தப்பு என் மேல்தான், கலந்து முளைச்ச வேற ரகப் பயிரைப் பிடுங்க நானே வருகிறேன்" என்றேன். ரெண்டு பேர் திட்டினார்கள், ஒரு அக்கா சாப்பாடு போட்டார். அஞ்சு வயலிலும் இறங்கிக் குனிந்து பிடுங்கி முடிப்பதற்குள் இடுப்பு போச்சு. ஆனால் அதற்கப்புறம்தான் "டேய்" என்று கூப்பிட்டவர்கள் "தம்பி, விதை எப்படி இருக்கு?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். சென்னையில் கிடைத்த வேலைக்கு நான் போகாததற்கு அந்தக் கேள்விதான் காரணம். மண் வாசனை, அது இது என்று கதை விட மாட்டேன்.

இப்போது விதைக்கான பகுதியை மட்டும் கையால் அறுக்கிறோம். விதைக்கும் முன் தண்ணீரில் முட்டை மிதக்கிற அளவுக்கு உப்பைக் கரைத்து, அதில் நெல்லைக் கொட்டுவோம். மிதக்கிற பதரை அள்ளி வீசிவிட்டு, அடியில் தங்கியதை ரெண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசுவோம். அலசாமல் விட்டால் முளைப்பு கெட்டுவிடும், இதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

நோட்டில் இன்னும் மூன்று பேர் பாக்கி. அதோ, பெரியப்பா சைக்கிளில் வருகிறார். கேரியரில் ஏதோ பை இருக்கிற மாதிரி தெரிகிறது. சரி, கேமராவை நிறுத்துகிறேன், தராசை எடுக்க வேண்டும்.