பீவர் தோல்: பதனிடும் மருந்தை வாங்கும் முன் சுரண்டக் கற்றுக்கொள்ளுங்கள்

வணக்கம் நண்பர்களே! சாய்த்து வைத்த கட்டையின் மேல், மயிர்ப்பக்கம் கீழே இருக்கும்படி விரித்திருப்பது பீவர் என்ற நீர்வாழ் கொறிவிலங்கின் தோல். சுரண்டிக்கொண்டே பேசுகிறேன், நீங்களும் பாருங்கள்.

புதிதாகத் தொடங்கும் பலர் பதனிடும் மருந்தில் எது சிறந்தது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நானும் கற்றுக்கொண்டிருக்கிற ஆள்தான். இருந்தாலும் இதை உறுதியாகச் சொல்வேன்: பீவரைப் பொறுத்தவரை வேலையின் உயிர் சுரண்டலில் இருக்கிறது. முயல் தோலில் சவ்வைக் கையாலேயே உரித்துவிடலாம். பீவரில் கொழுப்பும் தசையும் தோலோடு இறுகப் பிடித்திருக்கும், கத்தி படாமல் வராது. விட்ட கொழுப்பு உப்பையும் அமிலத்தையும் உள்ளே விடாது. நாளாக நாளாக அது கெட்டுத் தோலையும் நொறுங்க வைத்துவிடும்.

தொடங்கும் முன் கையுறை போடுங்கள். பீவரிடமிருந்து துலரீமியா என்ற பாக்டீரியா நோய் மனிதருக்குத் தொற்றக்கூடும், கையில் சிறு கீறல் இருந்தாலே போதும். பொறி வைத்துப் பிடிக்க நினைப்பவர்கள் தங்கள் பகுதியின் உரிமம், பருவகால விதிகளை முதலில் பார்த்துவிடுங்கள்.

அடுத்து மயிரைச் சீவுங்கள். இதைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள்! மயிருக்குள் ஒரு முள்ளோ காய்ந்த மண்கட்டியோ இருந்தால், தோல் அந்த இடத்தில் மேடாக எழும்பி நிற்கும். கத்தி வந்து மோதும், ஓட்டை விழும்.

இது இருபுறமும் கைப்பிடி உள்ள கத்தி. மழுங்கிய விளிம்பால் கொழுப்பைத் தள்ளுகிறேன், கூரிய விளிம்பால் நார்போன்ற தசையைச் சீவுகிறேன். நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிப் போவது எனக்கு வசதி. கால் துளைகளைச் சுற்றி விளிம்பில் கத்தி மாட்டிக்கொள்ளும், அங்கே மட்டும் வேகத்தைக் குறையுங்கள். இதோ பாருங்கள், மஞ்சள் கொழுப்பு போனதும் வெளிறிய தோல் தெரிகிறது. எவ்வளவு ஆழம் போகலாம்? கரும்புள்ளிகள் தெரிந்தால் மயிர்க்காலை நெருங்கிவிட்டீர்கள், நிறுத்துங்கள். வேரை வெட்டினால் எதிர்ப்பக்கத்தில் மயிர் உதிரும்.

சுரண்டியவுடன் உப்பு. அயோடின் சேர்க்காத பொடியுப்பு, ஏறக்குறைய தோலின் எடைக்கு ஈடாக. ஓரங்கள், காது மடிப்புகள் வரை தேய்த்து, நீர் வடியும்படி சரிவாக வையுங்கள். மறுநாள் ஈர உப்பை உதறிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

அதன்பின் ஊறவைத்து, பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவத்தால் எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவிவிட்டு, அமிலக் குளியல். பிளாஸ்டிக் தொட்டியில் உப்பு நீர், அதில் சிட்ரிக் அமிலம். அமிலத்தன்மையைக் காட்டும் பிஹெச் தாளில் 2 அளவில் நிற்க வேண்டும், ஏறினால் அமிலம் சேருங்கள். சில நாட்கள் ஊறிய தோல் உப்பிக்கொள்ளும். அப்போது மறுபடி கட்டையில் போட்டு மெலிதாக்குங்கள். முதல் சுற்றில் அடம்பிடித்த இடமெல்லாம் இப்போது இளகிக் கொடுக்கும், எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். மீண்டும் குளியல், பிறகு சமையல் சோடாவால் அமிலத்தைத் தணித்து மருந்து.

மருந்தில் படிகாரம் மலிவு. ஆனால் தோல் நனைந்தால் அது கரைந்து வெளியேறிவிடும், தோல் மறுபடி விறைக்கும். கையுறையோ தொப்பியோ தைக்கப் போகிறீர்கள் என்றால் ஈரம் தாங்கும் செயற்கை மருந்தை வாங்குங்கள். அங்கே சிக்கனம் வேண்டாம்.

கடைசியில் எண்ணெய் தடவி, பாதி காய்ந்த பதத்தில் எல்லாத் திசைகளிலும் இழுத்துத் தளர்த்த வேண்டும். இழுத்த இடம் வெண்மையாக மாறினால் சரி. வட அமெரிக்காவில் 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய வணிகர்கள் பூர்வகுடி மக்கள் அணிந்து பழகிய பீவர் மேலங்கிகளைத் தேடி வாங்கினார்கள். உடலில் உரசி நீண்ட மேல்மயிர் உதிர்ந்து, தொப்பிக்கு வேண்டிய உள்மயிர் எஞ்சியிருக்கும். உடம்பின் எண்ணெயும் சூடும் தோலை மென்மையாக்கியிருக்கும். நமக்கு அந்த வேலையைக் கைதான் செய்ய வேண்டும்.

சரி, ஒரு பாதி முடிந்தது. மயிர்ப்பக்கம் கீழேயே இருக்கும்படி தோலைச் சுழற்றிப் போட்டு மறுபாதியை எடுக்கிறேன். கேமராவைக் கத்திக்கு அருகில் நகர்த்துகிறேன், கோணத்தைக் கவனியுங்கள்.